ஆண்டிறுதிப் பரிசுப் பெட்டிக்கான பிராண்ட் கூட்டு: எதற்கு உடன்படலாம், எதை மறுக்கலாம்?

கேள்வி: கரைச்சி ஓலை

வணக்கம். கிளிநொச்சி நகருக்கு அருகில் நானும் இரண்டு நண்பிகளும் சிறியதொரு வடிவமைப்பு ஸ்டூடியோவை நடத்தி வருகின்றோம். வீட்டு அலங்காரம், பொதியிடல், அழைப்பிதழ் என்று பல வேலைகள் செய்தாலும் எங்களை வெளியில் அறியச் செய்தவை பனையோலைப் பொருட்கள்தான். வரைபும் நிறத் தெரிவும் எங்களுடையவை. இழைப்பு வேலையைப் பூநகரியிலும் பளைப் பக்கத்திலும் உள்ள பெண்கள் தங்கள் வீடுகளில் இருந்தபடியே செய்து தருகின்றனர்.

தேயிலையையும் கறுவாவையும் பரிசுப் பொதிகளாக விற்கும் கொழும்பு நிறுவனமொன்று எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஆண்டிறுதிக்கு எங்களுடன் சேர்ந்து ஒரு கூட்டு வெளியீடு செய்ய விரும்புவதாக எழுதியுள்ளது. மின்னஞ்சலின் சாரம் இதுதான்: நானூறு மூடிப்பெட்டிகளை நவம்பர் 20 இற்கு முன் கொழும்பில் ஒப்படைக்க வேண்டும், உள்ளே வைக்கும் அட்டையில் இரு தரப்பு இலச்சினைகளும் இருக்கும், பெட்டியின் வடிவமைப்பு அவர்களுக்கே சொந்தமாகும், இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் பனையோலைப் பெட்டி செய்து கொடுக்கக்கூடாது, ஒப்படைத்து அறுபது நாட்களின் பின் பணம் கிடைக்கும். இவற்றோடு, படப்பிடிப்புக் குழுவொன்றை அனுப்பி, போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவண்ணம் என்ற பொருளில் ஒரு காணொளியையும் எடுக்கப் போகின்றார்களாம்.

வடிவமைப்புக் கட்டணம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்டபோது, இந்த வெளியீட்டால் எங்களுக்குக் கிடைக்கும் அறிமுகமே பெரிது என்று அவர்களுடைய சந்தைப்படுத்தல் முகாமையாளர் பதிலளித்தார். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பிலுள்ள பெரிய கடைகளின் தட்டுகளுக்கு எங்கள் பெயர் தானாக ஏறப்போவதில்லை. ஆகவே மறுத்துவிட எனக்கு மனமில்லை. ஆயினும் இது உண்மையில் கூட்டு வெளியீடா, அல்லது எங்கள் இலச்சினை ஒட்டப்பட்ட வெறும் ஓடரா என்று விளங்கவில்லை. எதை எப்படி விலைபேச வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வவுனியா வரைகலை

ஒரு சோதனை செய்து பாருங்கள். அட்டையிலிருந்து உங்கள் ஸ்டூடியோவின் பெயரை எடுத்துவிட்டால், அந்தப் பரிசுப் பொதியை அவர்கள் நினைத்த விலைக்கு விற்க முடியுமா? முடியும் என்றால் நீங்கள் பெட்டி வழங்குநர்; அப்போது நல்ல அலகு விலையும் விரைவான கொடுப்பனவும் கிடைத்தால் போதும், பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முடியாது என்றால் அவர்கள் உங்கள் பெயரையும் பார்வையையும் வாடகைக்கு எடுக்கின்றார்கள் என்று பொருள். அந்த வாடகை, பெட்டியின் விலைக்குள் கரைந்துபோகாமல் தனியாக எழுதப்பட வேண்டும். அவர்கள் உங்களைத் தேடி வந்த விதத்தைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றுகின்றது, ஏனெனில் வெறும் ஓலைப்பெட்டி வேண்டுமானால் யாழ்ப்பாணச் சந்தையிலேயே வாங்கியிருப்பார்கள்.

உலகில் பெரிதாகப் பேசப்பட்ட கூட்டுகளிலும் அடிப்படை இதுதான். 2003 இல் லூயி வுட்டன் நிறுவனம் ஜப்பானியக் கலைஞர் தகாஷி முரகாமியுடன் சேர்ந்து தனது பழைய எழுத்துக் குறியைப் பல வண்ணங்களில் வெளியிட்டபோதும், 2004 இல் எச் அண்ட் எம் நிறுவனம் கார்ல் லாகர்ஃபெல்டுடன் ஆடைத் தொகுதியொன்றை விற்றபோதும், வாங்கியவர்கள் இரண்டு பெயர்களையும் அறிந்தே வாங்கினார்கள். அவர்களோடு எங்களை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கணக்கு மாறாது.

ஆகவே மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவது, வரைபுக்கும் மாதிரிகளுக்குமான வடிவமைப்புக் கட்டணம். வெளியீடு கைவிடப்பட்டாலும் இது திருப்பிக் கொடுக்கப்படாது என்று எழுதுங்கள். இரண்டாவது, பெட்டியொன்றின் உற்பத்தி விலை. மூன்றாவது, விற்பனையாகும் ஒவ்வொரு பொதியிலும் ஒரு வீதமான ரோயல்டி.

வேறு எவருக்கும் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை இப்போதிருக்கும் வடிவில் ஏற்கவே வேண்டாம். பனையோலைப் பெட்டிதான் உங்கள் தொழில் என்றால், இரண்டு ஆண்டுகள் தொழிலை மூடச் சொல்கின்றார்கள். இந்தக் குறிப்பிட்ட வடிவத்தையும் நிறச் சேர்க்கையையும் வேறு தேயிலை நிறுவனங்களுக்கு அடுத்த தைப்பொங்கல் வரை கொடுக்கமாட்டோம் என்று எழுதினால் அவர்களுடைய நியாயமான அச்சம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்கும் விலை உண்டு.

பதில் 2: சட்டமும் சந்தையும்

ரோயல்டி பற்றி முன்னையவர் சொன்னதுடன் நான் முழுமையாக உடன்படவில்லை. ஒரு பொதி 5,000 ரூபாய்க்கு விற்கப்பட்டு, அதில் நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு என்று வைத்துக்கொண்டால், நானூறும் விற்றுத் தீர்ந்தாலும் ஒரு இலட்சம்தான் வரும். அதற்காக அவர்களுடைய விற்பனைக் கணக்கைக் கேட்டுக்கேட்டு நீங்கள் களைத்துப் போவீர்கள். ஒருமுறை வெளியீட்டுக்கு வடிவமைப்புக் கட்டணத்தை உயர்த்தி முன்கூட்டியே பெறுவதுதான் நல்லது. மறுபடி அச்சிட்டால், மறுபடி இழைத்தால், ஒவ்வொரு தொகுதிக்கும் இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வடிவமைப்பு அவர்களுக்கே சொந்தம் என்ற வாசகம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உங்கள் வரைபடங்களுக்கான பதிப்புரிமை எந்தப் பதிவும் இல்லாமலே உண்டு; அது ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின் எழுபது ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அதைக் கைமாற்றுவதற்கு எழுத்தும் கையொப்பமும் வேண்டும். பெட்டியின் தோற்றம் கைத்தொழில் வடிவமைப்பு என்ற வகைக்குள் வரும். அதற்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு தேவை. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், இரண்டு தடவைகள் புதுப்பிக்கலாம். இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உள்ளது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஒருவர் பணித்துச் செய்விக்கும் கைத்தொழில் வடிவமைப்பு பணித்தவருக்கே சேரும். ஆகவே பேசாமல் இருந்துவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். வடிவமைப்பு ஸ்டூடியோவுக்கே உரியது, இந்த வெளியீட்டுக்குப் பயன்படுத்த மட்டும் அனுமதி வழங்கப்படுகின்றது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பதிவுக்கு வடிவம் புதியதாக இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே இட்ட பெட்டிகள் அந்தத் தகுதியை இழந்திருக்கும்; எனவே இந்தப் புதிய பெட்டியின் படத்தை, விண்ணப்பிக்கும் முன் எங்கும் இடாதீர்கள், மாதிரியை அனுப்பும்போதும் இரகசியம் காக்கும்படி எழுதி வாங்குங்கள். மரபான மூடிப்பெட்டியும் கொட்டைப்பெட்டியும் எவருக்கும் தனியுரிமை ஆக முடியாதவை. அவற்றை எங்கள் ஆச்சிமார் இழைத்தார்கள். கொழும்பு நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது, நீங்களும் முடியாது. உங்களுடையது அதன்மேல் நீங்கள் சேர்த்த அளவு, நிறம், கோலம் ஆகியவை.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருப்பீர்கள். அது வியாபாரக் குறிப் பதிவு ஆகாது. இரண்டு இலச்சினைகள் அருகருகே அச்சாகப் போகின்ற நேரத்தில், உங்களுடையதையும் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பித்துவிடுங்கள். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், தொடர்ந்து புதுப்பிக்கலாம்.

பதில் 3: பூநகரி மணல்

தங்கச்சி, நான் இழைப்பு வேலை ஒழுங்குபடுத்துபவள். ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஓலையைப் பற்றிச் சொல்கின்றேன், ஏனெனில் அந்த மின்னஞ்சலில் எனக்கு முதலில் உறுத்தியது நவம்பர் 20 என்ற திகதிதான்.

குருத்தோலையை வெட்டி, விரித்துக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயம் வேண்டியதைச் சாயத்துடன் அவித்து, மறுபடி உலர்த்தி எடுப்பதற்கு வெயில் வேண்டும். ஒக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் வெள்ளைக் குருத்தில் கரும்புள்ளி விழும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் முழுதாகப் போகாத ஓலையில் எவ்வளவு நெருக்கமாக இழைத்தாலும், காய்ந்தபின் இழைகளுக்கிடையில் நீக்கல் விடும். சாதாரண கடகத்தில் அது பெரிய குறையாகத் தெரியாது, ஆனால் மூடிப்பெட்டியில் மூடி தளர்ந்து கழன்று விழும். அதே மாதங்களில்தான் காலபோக விதைப்பும் வரும். இழைக்கின்ற கைகளில் பாதி வயலில் நிற்கும். ஆண்டிறுதி விற்பனைக்குக் கொழும்பு தயாராகும் காலமும் எங்கள் நிலத்தின் காலமும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றன. ஆகையால் ஓலையை ஆடி, ஆவணிக்குள் பதப்படுத்தி, புரட்டாதி முடிவதற்குள் இழைத்து, மழைக்கு முன் ஒப்படைப்பதாகவே நீங்கள் திகதி குறிக்க வேண்டும். நவம்பர் வரை அவற்றை ஈரமில்லாத அறையில் வைத்திருப்பது அவர்களுடைய பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள்.

நானூறு பெட்டிகளும் ஒரே அளவில் வேண்டுமென்று கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவான மரக்கட்டை ஒன்றைக் கொடுத்து, அதைச் சுற்றி இழைக்கச் சொன்னால் அளவு பெரும்பாலும் ஒத்துவரும். அப்படியும் ஒருவருடைய கை இறுக்கமாகவும் இன்னொருவருடையது இளக்கமாகவும் இருக்கும். சில மில்லிமீற்றர் வேறுபாட்டைக் குறையாகக் கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது என்ற நிபந்தனை இல்லாமல் கையொப்பமிட வேண்டாம். முன்பு ஒரு வாங்குநர் இந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு பங்கைத் திருப்பியனுப்பியபோது, நட்டம் இழைத்த பெண்களின் தலையில்தான் விழுந்தது. இன்னொன்று, தேயிலை மணத்தையும் ஈரத்தையும் இழுக்கும் பொருள். பெட்டிக்குள் நேரடியாகக் கொட்டாமல் உள்ளுறை போட்டு அடைக்கச் சொல்லுங்கள். பிறகு தேயிலையில் ஓலை மணம் வருகின்றது என்று உங்களிடம் வருவார்கள்.

ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால், மறு ஓடர் வந்தாலும் உடனே ஏற்க முடியாது என்பதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

காணொளி விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். 2009 இற்குப் பிறகு எங்கள் பெண்களைப் படமெடுக்காத அமைப்பு இல்லை. எல்லாப் படங்களிலும் அவர்கள் பாதிக்கப்பட்டவர்களாகவே நின்றார்கள்; நன்றாக இழைக்கத் தெரிந்தவர்களாக நின்றது குறைவு. இங்கே ஒரு அம்மா மூடியின் உச்சியில் எட்டு இதழ்ப் பூவை வரைபே இல்லாமல் மனக்கணக்கில் கொண்டு வருவார், இடையில் ஒரு சிவப்பு இழை தவறினால் கையால் தடவியே கண்டுபிடிப்பார். படமெடுப்பதென்றால் அதை எடுக்கட்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முகம் வேண்டாம், கைகள் மட்டும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், பெயர் கட்டாயம் வரவேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். படத்துக்கு நிற்கும் நாளுக்கு இழைப்புக் கூலி இல்லாமல் போகின்றது. அந்தக் கூலியை நிறுவனம் கொடுக்க வேண்டும்.

பதில் 4: ஸ்காபரோவிலிருந்து

இரண்டு உதாரணங்களை மட்டும் சேர்க்கின்றேன், பேரம் பேசும்போது பயன்படலாம். 2021 இல் எச் அண்ட் எம் நிறுவனம் இந்திய வடிவமைப்பாளர் சப்யசாச்சியுடன் சேர்ந்து வெளியிட்ட தொகுதிக்கு, இந்தியக் கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தன. கைவினை மரபின் சாயலைக் காட்டி விற்ற ஆடைகளில் கைவினைஞர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு. 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலானில் இந்தியாவின் மரபான கோலாப்பூர்த் தோல் செருப்பை ஒத்த செருப்புகளை மூலத்தைக் குறிப்பிடாமல் காட்சிப்படுத்தி, எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அவை இந்தியக் கைவினையால் தூண்டப்பட்டவை என்று ஏற்றுக்கொண்டது. பெரிய பெயர்களே இப்படித் தலைகுனிய நேர்ந்திருப்பதால், மூலத்தைச் சரியாகச் சொல்வது தங்களுக்கும் பாதுகாப்பு என்பதைக் கொழும்பு நிறுவனம் விளங்கிக்கொள்ளும்.

எங்கள் நாட்டிலேயே, பார்பரா சன்சோனி 1964 இல் தொடங்கிய பெயார்ஃபூட் நிறுவனம், கைத்தறித் துணியை அதன் நிறங்களாலும் நெசவாலும் பெயர்பெறச் செய்தது. இங்கே கனடாவில் கடைகளில் அதைத் தேடி வாங்குபவர்களை எனக்குத் தெரியும்; அனுதாபத்தால் வாங்குபவர்கள் அல்லர்.

மறுமொழி: கரைச்சி ஓலை

எல்லோருக்கும் நன்றி. பூநகரி அக்கா சொன்ன திகதியை முதல் நிபந்தனையாக வைத்து அவர்களுக்குப் பதில் எழுதியுள்ளேன். வடிவமைப்பு எங்களிடமே இருக்கும் என்றும், காணொளியின் தலைப்பை மாற்ற வேண்டும் என்றும், அட்டையில் ஊரின் பெயரும் சம்மதித்தவர்களின் பெயர்களும் வரவேண்டும் என்றும் கேட்டுள்ளேன். ரோயல்டியைக் கேட்கவில்லை; கட்டணத்தை உயர்த்தினேன். தலைப்பையும் பெயர்களையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். திகதியைப் பற்றி யோசிக்கின்றார்கள். அறுபது நாள் கொடுப்பனவு மட்டும் தங்கள் கணக்குப் பிரிவின் விதி என்றும் மாற்ற முடியாது என்றும் சொல்கின்றனர். இதற்கு என்ன செய்யலாம்?

பதில் 5: வவுனியா வரைகலை

விதியை மாற்றச் சொல்ல வேண்டாம், அது எங்கே பொருந்துகின்றது என்பதை மாற்றுங்கள். உற்பத்திச் செலவில் பாதியை ஓடர் உறுதியாகும்போதே முற்பணமாகவும், வடிவமைப்புக் கட்டணத்தை மாதிரி ஏற்கப்பட்ட அன்றும் பெற்றுக்கொண்டால், மிச்சம் அறுபது நாட்களின் பின் வந்தாலும் நீங்கள் தாங்குவீர்கள். இழைப்பவர்களுக்குக் கிழமைக் கூலி கொடுப்பதால் உங்களால் கடன் கொடுக்க இயலாது என்று நேரடியாக எழுதுங்கள். பெரும்பாலான கணக்குப் பிரிவுகளில் முற்பணத்துக்குத் தனி நடைமுறை உண்டு, கேட்டால்தான் அதைச் சொல்வார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பின்னரே குருத்து வெட்டச் சொல்லிப் பூநகரிக்கு அறிவியுங்கள்.