மறு: ‘மின்னிறக்க ஆழம்’ வேண்டாம், ‘வற்றளவு’ வைப்போம்

வணக்கம். நிறைந்த பற்றரியிலிருந்து எவ்வளவு மின் எடுத்தாயிற்று என்பதற்கு (ஆங்கிலத்தில் depth of discharge) தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு இது மறுமொழி. ‘>’ போட்டவை உங்கள் கேள்விகள்.

> ‘மின்னிறக்க ஆழம்’ பொருள் பிசகாமல் வருகிறதே. இதற்கு மேல் புதுச்சொல் எதற்கு?

தாளில் பிசகவில்லைதான். போன கிழமை வாழைச்சேனைத் துறைமுகத்தில், மச்சானின் போட்டில் இருந்தபடி அதைச் சொல்லிப் பார்த்தேன். “ஈயப் பற்றரியை ஐம்பது வீத ஆழத்துக்கு மேல விடப்படாது” என்றேன். “என்ன மச்சான், பற்றரியைக் கடலுக்குள்ளயா இறக்கப்போறாய்?” என்றார். பகிடிதான். ஆனால் ஆழம் என்றால் அவருக்குப் பாகக் கணக்கு. எத்தனை பாகத்தில் வலை கிடக்கிறது என்பது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘மின்னிறக்கம்’ என்பது மின்னலுக்கும் வருகிற சொல். இரண்டையும் ஒட்டினால் படகில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

பிறகு ஒரு சில்லறைக் காசால் பற்றரி மூடியைத் திருகித் திறந்து காட்டினார். தண்ணீர் தகட்டுக்குக் கீழே நின்றது. தகட்டின் விளிம்பில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை. ராவெல்லாம் லைற் எரித்துவிட்டு இரண்டு நாள் சார்ச் ஏற்றாமல் விட்டாராம். இறங்கின பற்றரியை அப்படியே போட்டுவைத்தால் ஈய சல்பேற்று இறுகிப் படிகமாகும். அந்த இடம் மறுகா சார்ச் பிடிக்காது.

நான் முன்வைக்கும் சொல் ‘வற்றளவு’. நிறைந்த பற்றரியிலிருந்து எத்தனை வீதம் எடுத்தாயிற்று என்பது. மீதி ‘இருப்பளவு’. வற்றளவு 70 என்றால் இருப்பளவு 30. கடல் வற்றி ஏறுவதைக் குறிக்க ‘வற்றுப்பெருக்கு’ என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது, நாம் கடன் வாங்கப் போகவேண்டியதில்லை. ‘இறக்களவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் முதலில் ‘இறப்பு’ என்றே வாசித்தேன்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. லித்தியமா ஈயமா என்ற விலைக்கணக்கே இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. கடையில் இரண்டுமே ‘100 அம்பியர் மணி’ என்று நிற்கும். லித்தியத்தின் விலையைக் கேட்டு ஆட்கள் திரும்பிவிடுவார்கள். ஈய அமிலப் பற்றரி 12 வோல்ற், 100ஆல் பெருக்கினால் 1200 வற்று மணி, ஆக 1.2 யூனிற். வற்றளவு 50இல் நிறுத்தினால் கைக்கு வருவது 0.6. கவனமாக வைத்து 500 தரம் பாவித்தால் அதன் ஆயுளுக்கு 300 யூனிற். லித்தியம் இரும்புப் பொசுபேற்று 12.8 வோல்ற், வற்றளவு 80 வரை போகலாம், ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 1 யூனிற். 2000 தரம் என்றால் 2000 யூனிற். விலை கூடத்தான், ஆனால் வேலை ஆறு மடங்குக்கு மேல். நிறையையும் பாருங்கள்: சரிக்குச் சரி நிற்க ஈயத்தில் இரண்டு வேண்டும், 60 கிலோ; லித்தியம் ஒன்று 12, 13 கிலோ.

ஆனால் மாதத்தில் மூன்று நான்கு ராவு மட்டும் வாவிக்குள் லைற் போடுகிறவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 500 தரம் வருமுன்னே, நாலைந்து வருடத்தில் ஈயப் பற்றரி வயதாலேயே போய்விடும். இருந்தாலும் முன்பணம் குறைவு என்பதால் அவருக்கு ஈயமே காணும். இன்னொன்று, லித்தியம் மின்னை இழுக்கிற இழுவையில் என்ஜினோடு ஓடிச் சார்ச் ஏற்றும் ஓல்ற்ரனேற்றர் சூடேறிக் கருகலாம். இடையில் மட்டுப்படுத்த ஒரு சார்ச்சர் வேண்டும். அந்தச் செலவை விற்கிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள்.

> கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கே பெரிதில்லை. உவமை எடுபடுமா?

உண்மை, அரை மீற்றர் அளவுதான். ஆனால் மணல் மூடின முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால் வாவி வற்றுவதைக் காணாத மட்டக்களப்பார் இல்லை. ‘வத்தல்’ என்றால் மிளகாய்தான் ஞாபகம் வரும் என்ற குற்றச்சாட்டை ஏற்கிறேன். ‘அளவு’ ஒட்டியதும் அந்தக் காரம் போய்விடுகிறது.

பல பற்றரிகளைக் கூட்டிக் கட்டுவதற்கு ‘மின்கல வங்கி’ என்று தயவுசெய்து எழுதவேண்டாம். அங்கே யாரும் காசு போடுவதில்லை. ‘அடுக்கு’ ஏற்கனவே தனிப் பற்றரிக்குப் பாடநூலில் போய்விட்டது. ‘பற்றரித் தொகுதி’ போதும். எனக்கு மட்டும் ‘பற்றரிப்பட்டி’ பிடிக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டியைப் பார்த்து வளர்ந்த குணம்.

மச்சானுக்கு வற்றளவை ஒரு தரம்தான் சொன்னேன். மூடியைத் திருகிப் பூட்டிக்கொண்டே, “அப்ப ஐந்நூறு தரம் வத்திப் பெருகினா இது முடிஞ்சுது, என்ன?” என்றார். ஒரு தரம் இறக்கி ஏற்றும் சுற்றுக்கு நாம் இன்னும் சொல் முடிவு செய்யவில்லை. ‘ஒரு வற்றுப்பெருக்கு’ என்றே எழுதிவிடலாமா?

கல்லடியிலிருந்து