லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு அம்மா எங்கே போவாள்?

தேவிகுளத்து மகள்:
அம்மாவுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. 38 வருடம் கொழுந்து கிள்ளியவள். லயத்தை, அதாவது தோட்டத்தில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்து சாவியை ஒப்படைத்தால்தான் சர்வீஸ் பணம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. அம்மா அங்கேதான் பிறந்தாள், நானும் அங்கேதான். பாட்டி கயத்தாறு பக்கத்திலிருந்து மலையேறி வந்தவள். அங்கே எங்களுக்கென்று இப்போது யாரும் இல்லை. இது நியாயமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பழைய ஆபீஸ்காரர், போடி:
மகளே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நான் தோட்ட ஆபீஸில் 31 வருடம் இருந்தவன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். லயம் வேலையோடு சேர்ந்த வீடு. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு கொடுக்கச் சொன்னது. போலீஸ் குவார்ட்டர்ஸிலும் இதே முறைதானே? நானும் காலி செய்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். கேரளத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. கையில் காசு வரும்போதே ஊரில் இரண்டு சென்ட் வாங்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

கம்பத்துக்காரன்:
எல்லாவற்றுக்கும் வேர் மொழிவழியாக மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1. நேசமணியும் அவர் கட்சியும் போராடியதில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நமக்கு வந்தன, செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயே போய்விட்டன. அதன் விலையைத்தான் இன்னும் கொடுக்கிறீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடி லயங்களில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. தமிழ்நாட்டோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

தேவிகுளத்து மகள்:
அண்ணே, அந்த 5 லட்சமும் 10 லட்சமும் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் என்றால் நடந்திருக்காது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். 2024இல் தோட்டத்தையே மூடி, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கே மலையாளம் எங்கே வந்தது?

1956ஐப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் பேச வேண்டும். மாநில எல்லைகளை ஆராய்ந்த கமிஷன் 1955இல் கொடுத்த அறிக்கையில், இந்தத் தாலுகாக்களில் தமிழர்கள் அதிகமாக இருப்பதற்குத் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் ஒரு காரணம் என்று எடுத்துக்கொண்டது. வந்து போகிறவள் என்று அன்றைக்குப் பாட்டியைச் சொன்னார்கள். இங்கேயே பிறந்த அம்மாவிடம் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள், வேலை முடிந்ததா, கிளம்பு என்று. எனக்கு நெஞ்சு வலிப்பது இந்த இடத்தில்தான்.

ஐயா, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது உங்களுக்குப் போடியில் வீடு இருந்தது. 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். அம்மாவும் உட்கார்ந்தாள். சங்கத் தலைவர்கள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. 20 சதவீத போனஸை வாங்கினார்கள். கூலி 500 கேட்டு, கடைசியில் 301 ஆனது. 232 ரூபாயில் பிள்ளைகளைப் படிக்கவும் வைத்து, ஊரில் நிலமும் எப்படி வாங்குவது?

கேரளத்து நிலச் சீர்திருத்தத்தை எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கிராமத்துக் குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் வரை சொந்தமானது. தோட்டங்களுக்கு மட்டும் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயத்தில் கிடந்தவர்களுக்கு அந்த 10 சென்ட் வரவே இல்லை.

கம்பத்துக்காரன்:
மாஞ்சோலையைச் சொன்னதும் என்னால் பதில் பேச முடியவில்லை, தங்கச்சி. 1956 தவறு என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

பழைய ஆபீஸ்காரர், போடி:
போடியில் எனக்கு இருந்தது அப்பா கட்டிய வீடு. அதை நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். ஆனால் லயத்தையே அவரவர் பேருக்கு எழுதிக் கொடு என்றால் ஒப்ப மாட்டேன். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பிள்ளைகுட்டியோடு வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் எங்கே படுப்பார்கள்? அதோடு நிறைய லயங்கள் சரிவில் நிற்கின்றன. அந்த இடத்துக்குப் பட்டா வாங்கி என்ன செய்வது? சர்க்கார் வேறு நிலம் தர வேண்டும். பெட்டிமுடிக்குப் பிறகு குட்டியார்வேலியில் 8 குடும்பங்களுக்கு 5 சென்ட் வீதம் அரசு கொடுத்தது, கம்பெனி வீடு கட்டியது. செய்ய முடியாத காரியம் இல்லை.

தேவிகுளத்து மகள்:
ஐயா, லயத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மழை வலுத்தால் அம்மா இன்னும் தூங்குவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த 8 வீடும் 70 பேரை மண் மூடிய பிறகு வந்தவை. உயிரோடு இருக்கும்போதே அம்மாவுக்கு ஒரு 5 சென்ட் கொடுக்கக் கூடாதா? அப்பாவைத் தோட்டத்து ஓரத்தில்தான் புதைத்திருக்கிறோம். அதை விட்டு ரொம்பத் தூரம் போக அவளுக்கு மனம் வரவில்லை. மனு கொடுக்கலாம் என்றால் எனக்கு மலையாளத்தில் சரியாக எழுத வராது.

பழைய ஆபீஸ்காரர், போடி:
தமிழிலேயே எழுது. 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழர்கள் இருக்கும் பகுதிகளுக்கு அந்த உரிமை இருக்கிறது, யாராவது வாங்க மறுத்தால் அதைச் சொல். அம்மாவின் சர்வீஸ் விவரம், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூன்றுக்கும் நகல் எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை நான் போடிமெட்டு வழியாக மேலே வருகிறேன். உட்கார்ந்து எழுதிவிடலாம். அதுவரை ஆபீஸில் எந்தக் காகிதத்திலும் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதே.