ஆறு வாரம் மாவுக்கட்டு, நான்கு வருடம் ஷூ

தண்டையார்பேட்டை அம்மா:

போன வாரம் ஒருவர், "பிறந்த குழந்தைக்குப் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகுமா?" என்று கேட்டிருந்தார். ஆகாது. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் எங்கள் கதையை முழுதாக எழுதுகிறேன், நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்து.

என் மகன் 2022 மார்ச்சில் பிறந்தான். இரண்டு பாதமும் உள்ளே மடிந்து, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நர்ஸ் 'க்ளப் ஃபுட்' என்றார். வார்டிலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா, காய் நறுக்கினாயா? என் மாமியாருக்கு அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. டாக்டர் சொன்னது வேறு: சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வரும், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். தாய் எதையும் செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை. இதை அவர் என் மாமியார் எதிரில் சொன்னதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

பத்தாம் நாளே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அடுத்த ஸ்டேஷன். ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்தது மாவுக்கட்டு மட்டும். பொன்செட்டி முறை என்று பெயர். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் 1940களின் கடைசியில் ஆரம்பித்தது. பாதத்தைக் கையாலேயே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பிய இடத்திலேயே நிற்கும்படி தொடைவரை கட்டுப் போடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. குழந்தையின் தசைநார் அந்த வயதில் அவ்வளவு இளக்கம். முதல் கட்டுப் பிரித்த அன்று பாதம் முன்னைவிட விநோதமாகத் தெரிந்தது, நான் அழுதுவிட்டேன். முன்பாதத்தை முதலில் மேலே தூக்கித்தான் நேராக்குவார்களாம். அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.

எங்களுக்கு ஆறு கட்டு. வீட்டில் என் வேலை விரல்களைப் பார்ப்பது. கட்டுக்கு வெளியே தெரியும் விரலை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் உடனே சிவக்க வேண்டும். வீங்கினாலோ, நீலமானாலோ, விரல் உள்ளே இழுத்துக்கொண்டாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்கக் கூடாது.

ஆறாவது கட்டுக்குப் பிறகு "குதிகால் நரம்பை வெட்டுவோம்" என்றார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நரம்பு போனால் கால் போச்சே! மறுநாள் போய்க் கேட்டபோதுதான் புரிந்தது, நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே தவிர அது நரம்பே இல்லை, குதிகாலை மேலே இழுத்துப் பிடிக்கும் தசைநார். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கீறல், அவ்வளவுதான். மூன்று வாரக் கட்டுக்குள் அது நீளமாகிச் சேர்ந்துவிட்டது.

கட்டு எல்லாம் முடிந்து பாதம் நேராக இருந்தது. தெருவே வந்து பார்த்தது. எங்கள் கதை அங்கே முடிந்துவிட்டதாக நாங்கள் நினைத்ததுதான் தப்பு.

கட்டுக்கு அப்புறம் ஷூ. இரண்டு சின்ன ஷூவை ஒரு கம்பியில் பொருத்தியிருப்பார்கள், பாதம் வெளிப்பக்கம் பார்க்கும். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நான்கு வயதுவரை. முதல் மூன்று மாதத்தை ஒழுங்காகக் கடந்தோம். அவன் நடக்க ஆரம்பித்ததும் வந்தது வினை. "ஓடுகிற பிள்ளைக்கு ராத்திரியானால் விலங்கு மாட்டுகிறாயே" என்று மாமியார். பக்கத்தில் படுத்தால் அந்தக் கம்பி என் விலாவில் இடிக்கும். வெயில் காலத்தில் கரண்ட் போனால் அவன் காலும் வேர்த்து, நானும் வேர்த்து... ஒரு நாள் விட்டேன். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள். 2023 தீபாவளிக்குப் பிறகு ஷூ பரணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, போனால் திட்டுவார்கள் என்று.

என் வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. அடுத்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் வீட்டில் இருந்தார். தினமும் பார்க்கிற என் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டது. "இவன் செருப்பைப் பார், வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கு" என்றார். குதிகாலும் தரையில் சரியாகப் பதியவில்லை. பாதம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் வலித்தது. "பத்தில் பல பேர் இப்படித்தான் வருகிறார்கள், ஷூவை நிறுத்தினால் திரும்பும்" என்றார். மறுபடி நான்கு கட்டு, இரண்டு வயதுப் பையனுக்கு. கைக்குழந்தைக்குக் கட்டுப் போடுவதும் ஓடிப் பழகியவனுக்குப் போடுவதும் ஒன்றல்ல, கேளுங்கள் எங்கள் தெருவை. இன்னொரு முறை திரும்பினால் பாதத்தின் முன்பக்கத் தசைநாரை இடம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். அதன் பிறகு ஒரு இரவுகூட விடவில்லை. மருத்துவத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நாங்கள் காசு கொடுக்கவில்லை. விட்ட கூலிதான் செலவு.


கொடுங்கையூர் தங்கச்சி:

அக்கா, நல்ல நேரத்தில் எழுதினீர்கள். என் பையனுக்கு ஏழு மாதம், இப்போது இரவு ஷூ. போட்டதும் கத்துகிறான், ஒரு மணி நேரத்தில் உதைத்துக் கழற்றியே விடுகிறான். எப்படித்தான் சமாளித்தீர்கள்?


தண்டையார்பேட்டை அம்மா:

முதலில் குதிகால் ஷூவுக்குள் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாரும்மா. இறங்கவில்லை என்றால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கழன்றுவிடும். நடுப்பட்டையை முதலில் இழுத்துக் கட்டு, லேஸ் அப்புறம். உள்ளே மடிப்பில்லாத பருத்தி சாக்ஸ். சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. கொப்புளம் வந்தால் ஷூவைப் பரணில் ஏற்றாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ, அளவு மாறியிருக்கும். பாதம் மறுபடி விறைத்தாலும் ஷூ நிற்காது, அதையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்ப்பான், கம்பி விடாது, அந்தக் கோபத்தில்தான் பாதி அழுகை. கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டு. இரண்டு நாளில் பழகிக்கொள்வான். தூங்கிய பிறகு மாட்டலாம் என்று நினைக்காதே, நான் செய்து பார்த்தேன், நடுராத்திரி விழித்துப் பார்த்து இன்னும் பெரிய கூத்து. பால் குடிப்பதுபோல, விளக்கு அணைப்பதுபோல, ஷூவும் தூங்கும் நேரத்துச் சடங்காகிவிட வேண்டும். கம்பியைப் பழைய துணியால் சுற்றிவிடு, உன் விலாவுக்கு நல்லது.


வியாசர்பாடி ஆட்டோக்காரன்:

என்னுடையது வேறு கதை. பிறவிக் கோளாறு இல்லை, சறுக்குமரத்திலிருந்து விழுந்தது.

பையனுக்கு ஆறு வயது. கையை ஊன்றி விழுந்தான், முழங்கைக்கு மேலே வீங்கிவிட்டது. எங்கள் அப்பாவுக்குத் தோள் எலும்பு உடைந்தபோது புத்தூர் கட்டில்தான் கூடியது, அதனால் யோசிக்காமல் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப்போனேன். மூங்கில் பட்டை, முட்டை வெள்ளை, துணி, இறுக்கமான கட்டு. "மூன்று நாள் வலிக்கும், பிறகு போய்விடும்" என்றார்.

வலி போகவில்லை, ஏறியது. இரவு எட்டு மணிக்கு விரல்கள் வீங்கி வெளுத்தன. நான் அவன் விரலை லேசாக நிமிர்த்தினேன், அலறினான். கட்டுப் போட்டவருக்குப் போன் செய்தால் "அப்படித்தான் இருக்கும், பொறுங்கள்". என் மனைவிதான் பொறுக்கவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டான்லிக்குப் போனோம், பதினொரு மணி இருக்கும். அங்கே டாக்டர் முதலில் செய்தது கத்தரிக்கோலால் கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்தது. எக்ஸ்ரேவெல்லாம் அப்புறம்தான். திறந்த சிறிது நேரத்தில் விரலுக்கு நிறம் வந்தது.

அவர் விளக்கியது இது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெல்லிசாக இருக்கும், இந்த வயதுக் குழந்தைகளுக்கு அங்கேதான் அதிகம் உடையும். அந்த இடத்தை ஒட்டியே ரத்தக் குழாயும் நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கக் கட்டு, நடுவில் சதைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரம் அப்படியே இருந்தால் முன்கைச் சதை செத்து, விரல்கள் காலத்துக்கும் மடங்கிப்போகும். விரலை நிமிர்த்தும்போது தாங்க முடியாத வலி வருவதுதான் முதல் எச்சரிக்கை, நிறம் மாறுவதெல்லாம் பிறகுதானாம்.

எலும்பைச் சேர்த்து இரண்டு மெல்லிய கம்பி வைத்தார்கள், நான்காவது வாரம் எடுத்தார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னால் மட்டும் அவனுக்கு வரவில்லை, நரம்பு அடிபட்டிருந்தது. தானாக வரும் என்றார்கள். மூன்று மாதம் தினமும் காலையில் ஆட்டோ எடுக்கும் முன் "வட்டம் போடுடா" என்பேன். ஒரு நாள் போட்டான்.


ராயபுரம் பழைய ஆள்:

தம்பி, உன் பையன் விஷயம் கேட்க வருத்தம். ஆனால் ஒருவர் இறுக்கிக் கட்டியதற்காக மொத்தமாகக் குறை சொல்லக் கூடாது. எனக்கே சின்ன வயதில் காறை எலும்பு உடைந்து, புத்தூருக்கே பஸ் ஏறிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தோம். இன்றும் மூட்டை தூக்குகிறேன்.


வியாசர்பாடி ஆட்டோக்காரன்:

ஐயா, நானும் அதை டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பிள்ளைக்குக் காறை எலும்பு உடைந்தால் கையைத் துணியில் தொங்கப் போட்டாலே பெரும்பாலும் கூடிவிடுமாம், யார் கட்டினாலும் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று சிரித்தார். ஆனால் மூட்டுக்குப் பக்கத்தில் அப்படியில்லை. எலும்பு வளர்கிற குருத்து அங்கேதான் இருக்கிறது. அது கோணலாகச் சேர்ந்தால் அன்றைக்குத் தெரியாது, பிள்ளை வளர வளரக் கையும் கோணலாக வளரும். எக்ஸ்ரே இல்லாமல் அது குருத்தா இல்லையா என்று கைக்கு எப்படித் தெரியும்?


திருவொற்றியூர் தாத்தா:

என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தேரடிப் பக்கம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டரை வயதுப் பேத்தியை ஒரு கையைப் பிடித்து லபக்கென்று தூக்கித் தாண்டவைத்தேன். அழுதாள், கையைத் தொங்கவிட்டுக்கொண்டாள், தொடவிடவில்லை. எலும்பையே உடைத்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. டாக்டரம்மா உள்ளங்கையை மேலே திருப்பி, முழங்கையை மடக்கினார், 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பத்து நிமிடம் கழித்து பிஸ்கட்டை நீட்டினார், அதே கையால் வாங்கிக்கொண்டாள். முழங்கையில் எலும்பைச் சுற்றியிருக்கும் நார் விலகி நடுவில் மாட்டிக்கொள்ளுமாம், நாலு வயதுக்குள் சகஜமாம். "அக்குளில் தூக்குங்கள், கையில் தூக்காதீர்கள்" என்று எனக்குத்தான் திட்டு.


பெரம்பூர் அம்மா:

என் மகனுக்கு ஏழு வயதில் முழங்கால் வலி. ஆறு மாதம் முழங்காலையே பார்த்தோம். தைலம், இரண்டு எக்ஸ்ரே, "வளர்கிற வலி" என்று சமாதானம். ஆனால் ஒரு காலில் மட்டும், அதுவும் பகலிலேயே நொண்டினான். வளர்கிற வலி இரவில்தான் வரும், இரண்டு காலிலும் மாறி மாறி வரும், காலையில் ஓடிவிடுவார்கள். இதை அப்போது நான் அறியவில்லை.

குழந்தை எலும்பு டாக்டர் ஒருவர் முழங்காலைத் தொடவே இல்லை. படுக்கவைத்துத் தொடையை உள்பக்கமாகத் திருப்பினார், திரும்பவில்லை. கோளாறு இடுப்பு மூட்டில், வலி தெரிவது முழங்காலில். பெர்தீஸ் என்றார், தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது மெத்தென்றாகி, மறுபடி புதிதாக உருவாக இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை அந்தப் பந்து உருண்டையாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். குதிப்பது, ஓடுவது கூடாது. நீச்சல் அடிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். கிரிக்கெட் பைத்தியத்தை அம்பயராக்கி உட்காரவைத்த பாவம் என்னைச் சேரும். இப்போது ஒன்பது வயது, இன்னும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.


கொடுங்கையூர் தங்கச்சி:

அக்கா, நேற்றுக் குதிகாலைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி அரை விரல் தூக்கித்தான் இருந்தது. நடுப்பட்டையை முதலில் கட்டினேன். இருபது நிமிடம் அழுதான், பிறகு விடியும்வரை ஷூ கழலவில்லை. கம்பிக்குத் துணி சுற்ற மட்டும் மறந்துவிட்டேன். இன்றைக்கு என் வீட்டுக்காரர் விலாவில் நீலம்.