தென்னாப்பிரிக்காவில் நிறுவனங்களோடு அரசு பேசிய கூட்டக் குறிப்புகள்: யார் பார்க்கலாம்?

மேர்பேங்க்காரி:
எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள ஆலையின் விரிவாக்கம் பற்றி ஓர் அரசு அலுவலகம் அந்த நிறுவனத்தோடு நடத்திய கூட்டங்களின் குறிப்புகளைக் கேட்டேன். தகவல் சட்டப்படி 2ஆம் எண் படிவம், 100 ராண்ட் கட்டணம், 30 நாள் காத்திருப்பு. வந்த பதில் ஒரே வரி: "வணிக இரகசியம்." கொடியில் காயும் துணியில் படிவது யாருடைய இரகசியம்? இவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்:
அக்கா, டெண்டர் போடும் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். கூட்டத்தில் எங்கள் விலைக் கணக்கை விரித்து வைக்கிறோம். மறுநாள் போட்டியாளர் அதைப் படித்தால் கடையை மூட வேண்டியதுதான். 2000ஆம் ஆண்டின் தகவல் சட்டத்தில் நிறுவனங்களின் வணிகத் தகவலைக் காக்கும் 36ஆம் பிரிவைச் சும்மாவா வைத்தார்கள்?

மேர்பேங்க்காரி:
அதே பிரிவைக் கடைசி வரை படியுங்கள் தம்பி. பொதுமக்கள் பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ கடும் ஆபத்து இருப்பதைக் காட்டும் சோதனை முடிவுகளை வணிக இரகசியம் என்று மறுக்க முடியாது. 28ஆம் பிரிவோ, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது. ஒரு வரியில் கைகழுவ எந்தப் பிரிவும் இடம் தரவில்லை.

பீனிக்ஸ் வாத்தியார்:
கொரோனா தடுப்பூசி வழக்கை மறந்துவிட்டீர்களா? சுகாதாரத் துறையும் இரகசியம் என்றுதான் சொன்னது. 2023 ஆகஸ்டில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஒப்பந்தங்களோடு பேச்சுவார்த்தைக் கூட்டக் குறிப்புகளையும் கொடுக்க உத்தரவிட்டது. ஜான்சன் ஊசி ஒன்றுக்கு நாம் கொடுத்தது 10 டாலர், ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது 8.50 என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி போடத் தொடங்கியது 2021இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்:
நல்ல தீர்ப்புதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் தொழிலதிபர் குப்தா குடும்பம் இருந்த சாக்சன்வோல்டுக்கு வாருங்கள். குப்தா வீட்டில் தமக்கு 60 கோடி ராண்ட் தருவதாகச் சொன்னார்கள் என்று முன்னாள் துணை நிதியமைச்சர் ஜோனாஸ், அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தில் சாட்சியம் சொன்னார். அந்த அறையில் யார் குறிப்பெழுதினார்? எல்லாவற்றையும் வெளியிடு என்றால் குறிப்பே எழுதாத கூட்டங்கள்தான் பெருகும். உங்கள் படிவத்துக்கு "அப்படி ஆவணம் இல்லை" என்று பதில் வரும்.

பீனிக்ஸ் வாத்தியார்:
எழுதாமல் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எழுதியதையும் பூட்டி வைப்பதா? அமைச்சரும் அதிகாரியும் எந்த நிறுவனத்தை, என்று, எதற்காகச் சந்தித்தார்கள் என்ற நாட்குறிப்பைக் கட்டாயமாக்குங்கள். அதில் வராத சந்திப்பு பிடிபட்டால் அதுவே குற்றம்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்:
நாட்குறிப்பு சரி, முழுக் குறிப்பு வேண்டாம். அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

பீனிக்ஸ் வாத்தியார்:
அம்மா, மறுப்புக் கடிதம் வந்து 60 நாளுக்குள் அதே அமைப்பிடம் உள் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் மறுத்தால் தகவல் ஒழுங்காணையத்துக்குப் புகார். வழக்கறிஞர் தேவையில்லை.

சாட்ஸ்வொர்த் கணக்கர்:
செய்யட்டும். விலைப் பக்கத்தை மட்டும் மறைத்துக் கொடுக்க வேண்டும்.

மேர்பேங்க்காரி:
விலை யாருக்கு வேண்டும் தம்பி? எவ்வளவு கந்தகம் விடப் போகிறார்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன்.