ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினி மென்பொருளை மேம்படுத்தத்தான் வேண்டுமா?

சிராங்கூன் கணக்கர்:
சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகை மொத்த வணிகக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும் என்பதால், விண்டோஸ் 10 கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர்க் கணினி) இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 மென்பொருளை நிறுவி, அதற்குள் எக்ஸ்பியை வைத்திருக்கிறோம். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் கூடிய சமயத்தில் புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டோம். ஆனாலும் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதியாகையால், பழைய பேரேட்டைத் திறக்கும் தேவை மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7க்கு மாறலாமா? இதுவரை ஒரு நாள்கூட அது தகராறு செய்ததில்லை.

பிடோக் நிர்வாகி:
தொடாதீர்கள். வெளியே எது மாறினாலும் உள்ளே இருக்கும் பழைய எந்திரம் அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே மெய்நிகர்க் கணினியை வைத்திருக்கிறீர்கள்? 7ஆம் பதிப்பில் பெரிதாகப் பேசப்பட்டது, விண்டோஸ் 11ஐ உள்ளே நிறுவ உதவும் டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) வசதி. எக்ஸ்பிக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. மாறாக, எக்ஸ்பியை முழுமையாக அணைக்காமல் நிலையை மட்டும் சேமித்து மூடியிருந்தால், அந்த நிலையைப் புதிய பதிப்பு ஏற்க மறுக்கலாம். அமைப்புக் கோப்பு ஒருமுறை புதிய வடிவத்தில் எழுதப்பட்டுவிட்டால், திரும்பிப் போகும்போது பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமலும் போகலாம்.

தெம்பனிஸ் பொறியாளர்:
நண்பர் சொல்லும் இரண்டு ஆபத்துகளும் உண்மையே. ஆனால் எக்ஸ்பியை முறையாக அணைத்துவிட்டு, அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும். தீராதது வேறொன்று. 6.1க்கான ஆதரவு 2024இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இனி அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைக்க ஆளில்லை. 2018 நவம்பரில், இதே மென்பொருளின் இ1000 என்ற மெய்நிகர் வலை அட்டையில் இருந்த பிழை வழியாக உள்ளிருக்கும் கணினியிலிருந்து வெளிக் கணினிக்குத் தாவ முடியும் என்று ஓர் ஆய்வாளர் வெளிப்படையாகக் காட்டினார். அப்போது ஆதரவு இருந்ததால் சில நாள்களில் திருத்தம் வந்தது.

பிடோக் நிர்வாகி:
நீங்கள் சொன்ன அந்தப் பிழை வலை அட்டையைச் சார்ந்தது. பேரேட்டைப் பார்க்க வலை எதற்கு? அமைப்பில் அட்டையையே நீக்கிவிடலாம். எக்ஸ்பிக்கான ஆதரவே 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பானை ஓட்டை என்று தெரிந்த பிறகு மூடி புதிதா பழசா என்று ஆராய்வானேன்?

தெம்பனிஸ் பொறியாளர்:
அப்படியானால் கணக்கரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கணக்கு மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள், அதாவது செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு சாவிக் கருவி, உண்டா? அதற்காக விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கூடுதல் வசதி தரும் நீட்டிப்புத் தொகுப்பை நிறுவினீர்களா?

சிராங்கூன் கணக்கர்:
ஆம், இரண்டும் உண்டு. முன்பு அமைத்துக் கொடுத்தவர் செய்தது.

தெம்பனிஸ் பொறியாளர்:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நீட்டிப்புத் தொகுப்போ தனிப்பட்ட பயன்பாடு, கல்வி போன்றவற்றுக்குத்தான் இலவசம், கடைக்கு உரிமம் வாங்க வேண்டும். 6.1இல் யூஎஸ்பி 2.0, 3.0 இரண்டும் அந்தத் தொகுப்பில்தான் இருந்தன. 7.0இலிருந்து அவை அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டன. எனவே மேம்படுத்தினால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

பிடோக் நிர்வாகி:
உரிமம் பற்றிச் சொன்னது சரி, நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் டாங்கிளுக்கு யூஎஸ்பி 1.1 பெரும்பாலும் போதும், அது 6.1இன் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. தொகுப்பை நீக்கிவிட்டு, அமைப்பில் 1.1ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரு சொடுக்கில் முடிகிற காரியத்துக்குப் பதிப்பையே மாற்றுவது, மூக்கைச் சொறிய முழங்கையை நீட்டுவது போல இருக்கிறது.

தெம்பனிஸ் பொறியாளர்:
சரி, அதையும் ஏற்கிறேன். ஆனால் அடியில் இருக்கும் விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. முதலாளி என்றாவது விண்டோஸ் 11 கணினியை வாங்கி வைப்பார். அல்லது இப்போதிருக்கும் கணினி, தணிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் நாளில் பார்த்து உயிரை விடும். அவசரத்தில் முதன்முறையாக மாறுவதைவிட, ஓய்வாக இருக்கும் ஒரு பிற்பகலில் ஒத்திகை பார்ப்பது மேல்.

பிடோக் நிர்வாகி:
ஒத்திகைக்கு நான் எதிரி அல்ல. அதை அந்தக் கணினியில் செய்யாதீர்கள் என்பதே என் வாதம். வேறொரு மடிக்கணினியில் 7ஐ நிறுவி, நகலை அதில் திறந்து பாருங்கள்.

சிராங்கூன் கணக்கர்:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த பிறகு, விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் செய்து பார்த்தேன். நீட்டிப்புத் தொகுப்பு இல்லாமலேயே டாங்கிள் தெரிகிறது, பேரேடும் திறக்கிறது. ஆனால் சாளரத்தின் கீழே ஒரு பச்சை ஆமைப் படம் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் மெதுவாக நகர்கிறது.

தெம்பனிஸ் பொறியாளர்:
விண்டோஸிலேயே உள்ள மெய்நிகர்க் கணினி அமைப்பான ஹைப்பர்-வி முன்கூட்டியே செயலியின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துக்கொண்டது என்பதன் அடையாளம் அது. விண்டோஸ் 11இல் நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு அமைப்பு அதன் மேல்தான் இயங்குகிறது. அதை அணைத்தால் ஆமை போய்விடக்கூடும்.

பிடோக் நிர்வாகி:
பாதுகாப்புக்காக மேம்படுத்தச் சொன்னவர், வேகத்திற்காகப் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறார்!

தெம்பனிஸ் பொறியாளர்:
அணைக்கச் சொல்லவில்லை, காரணத்தைச் சொன்னேன். பேரேடு பார்க்க இந்த வேகம் போதாதா என்பதைக் கணக்கர்தான் சொல்ல வேண்டும்.

சிராங்கூன் கணக்கர்:
போதும். பழைய பில் ஒன்றைத் தேடி எடுக்க அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான். ஆமை இருந்துவிட்டுப் போகட்டும். மேசைக் கணினியில் 6.1 அப்படியே இருக்கும். வலை அட்டையையும் நீட்டிப்புத் தொகுப்பையும் மட்டும் இன்று நீக்கிவிட்டேன். யூஎஸ்பி 1.1இல் டாங்கிள் அங்கேயும் வேலை செய்கிறது.