நியூ ஜெர்சியில் உறைபனி பட்ட கறிவேப்பிலை: பிழைக்குமா?

சத்துவாச்சாரி: தங்கச்சி நியூ ஜெர்சியில இருக்கா. தொட்டிக் கறிவேப்பிலை நவம்பர் கடைசி வரைக்கும் பால்கனியிலேயே இருந்திருக்கு. ராத்திரி மைனஸ் 2 டிகிரி. இலை கறுத்துக் கொட்டி, குச்சிதான் நிக்குது. உள்ளே எடுத்து வெச்சு தினம் ஒரு சொம்பு தண்ணி ஊத்துறா. பக்கத்து வீட்டு ரோஜா மட்டும் வெளியிலேயே நல்லா இருக்காம், எப்படி? பிழைக்கலைன்னா இங்கிருந்து கன்று அனுப்பலாமா?

குடியாத்தம்: முதல்ல அந்தச் சொம்பை நிறுத்தச் சொல்லுங்க. இலையில்லாத செடி தண்ணி இழுக்காது. பனிக்குத் தப்பின வேர் ஈரத்துல அழுகிடும். மேல்மண் 2 அங்குலம் காய்ஞ்சா மட்டும் தண்ணி. உரம் வேண்டவே வேண்டாம். நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா உலர்ந்திருந்தா அந்த இடம் போச்சு. ஆனா இப்பவே வெட்டாதீங்க. எதுவரைக்கும் பட்டிருக்குன்னு வசந்தத்துல தளிர் விடும்போதுதான் சரியா தெரியும். தண்டு முழுக்கப் பட்டாலும் வேரடியிலிருந்து துளிர்க்கலாம்.

திருவலம்: ரோஜா விஷயம் வேற. பகல் சுருங்கி குளிர் ஏறும்போதே அது செல்லுக்குள்ள சர்க்கரையைச் சேர்த்துக்கும். செல்லுல இருக்கிற தண்ணியில ஒரு பங்கு வெளி இடைவெளிக்குக் கசிஞ்சு அங்கேதான் உறையும். செல்லுக்குள்ளேயே ஐஸ் கட்டினா சவ்வு கிழிஞ்சு இலை கறுக்கும், உங்க செடிக்கு நடந்தது அதுதான். வேலூர்ல மார்கழி விடியல்லகூட 10 டிகிரியைத் தொடறது அபூர்வம், நம்ம கறிவேப்பிலை இதையெல்லாம் எங்கே கத்துக்கும்? இன்னொண்ணு, தரையில ஆழத்து மண் உறையாது. தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர் அடிக்கும். ரோஜாவே தொட்டியில இருந்தா வேர் சாக வாய்ப்பு உண்டு.

சத்துவாச்சாரி: ஹீட்டர் பக்கத்துல வைக்கலாமாண்ணா?

குடியாத்தம்: கூடாதுங்க. வறண்ட காத்துல செம்பேன், அதாவது இலைச் சாறு உறிஞ்சுற பொடிப் பேன், பிடிக்கும். தளிர் வந்ததும் இலையடியைப் பார்க்கச் சொல்லுங்க. தெற்கு ஜன்னல் போதும், கிளை கண்ணாடியைத் தொடாம இருக்கட்டும். உறைபனி பயம் போனதும், அநேகமா மே நடுவுல, முதல்ல நிழல்ல வெச்சு ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகர்த்தணும். அடுத்த வருஷம் ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குறதுக்கு முன்னாடியே உள்ளே எடுத்துடணும்.

ஆம்பூர்: கன்று அனுப்பாதீங்க. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாதல் நோயை (காய் சரியா பழுக்காம மரமே நலிஞ்சு போற நோய்) பரப்புற சாறுறிஞ்சிப் பூச்சி இதுலயும் வளரும். அதனால இந்தியாவுலேர்ந்து கன்று கொண்டு போக அமெரிக்காவுல தடை, பறிமுதல் பண்ணிடுவாங்க. அங்கேயே நர்சரியில வாங்கிக்கட்டும்.

சத்துவாச்சாரி: சுரண்டிப் பார்த்தாளாம். நுனி பழுப்பு, அடித்தண்டுல ஒரு ஜாண் பச்சை.

குடியாத்தம்: அப்போ ஜன்னலோரமா வெச்சுட்டு விட்டுடச் சொல்லுங்க, பிழைச்சுக்கும்.