செயின் சா: பிரைமர் பல்பு அமுக்கினால் குழிந்தே கிடக்கிறது, ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

தோட்டத்துஆள்:
வணக்கம். என்னிடம் 45 சிசி டூ ஸ்ட்ரோக் செயின் சா இருக்கிறது. போன தடவை வரை நன்றாகத்தான் ஓடியது. சில மாதம் எடுக்காமல் கிடந்தது. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிதாக 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) கலந்து ஊற்றினேன்.

இப்போது பிரைமர் பல்பை, அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் விரலால் அமுக்கும் குமிழை, அமுக்கினால் உள்ளே போகிறது, மேலே எழ மாட்டேன் என்கிறது. குழிந்தபடியே கிடந்து மெல்ல மெல்ல எழும்புகிறது. உள்ளே பாதிகூட நிறைவதில்லை, நுரைதான் தெரிகிறது. சோக் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் எப்போதாவது பிடிக்கும். ஐடிலில் நிற்கும். மரத்தில் வைத்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அப்படியே அடங்கிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. தீப்பொறி வருகிறது.

பல்பை மட்டும் மாற்றினால் போதுமா? பக்கத்தில் ஒருவர் கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார்.

புல்வெட்டி:
பல்பை அதிகம் அமுக்காதீங்க சார். என் புல்வெட்டும் மிஷினில் நாலைந்து தடவைக்கு மேல் அமுக்கினால் பெட்ரோல் ஓவராகிவிடும், அப்புறம் பிளக்கைக் காய வைக்கணும். உங்களுக்கும் அதுதான்னு நினைக்கிறேன். சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்க.

ரிப்பேர்பெஞ்ச்:
புல்வெட்டி சார் சொல்வது அவருடைய மிஷினுக்குச் சரி. இந்த மிஷினுக்குப் பொருந்தாது. பல்பு என்று ஒரே பேர் வைத்துவிட்டார்கள், வேலை இரண்டு.

தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டும் மிஷினில் கார்புரேட்டருக்கு அடியில் கிண்ணம் இருக்கும், மிதவை இருக்கும். அதில் வரும் பல்பு கிண்ணத்துக்குள் காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறி நேரே எஞ்சின் மூச்சுக்குழலில் விழுகிறது. அதனால்தான் அங்கே எண்ணி அமுக்கச் சொல்கிறார்கள்.

செயின் சாவை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும். கிண்ணம் வைக்க வழியில்லை. மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த டயாஃப்ரம் கார்புரேட்டர்தான். அதன் பெட்ரோல் பம்ப் கிராங்க் கேஸில் வரும் துடிப்பில் இயங்குகிறது. எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும், பம்ப் வேலை செய்தால்தான் பெட்ரோல் ஏறும். பல்பு இல்லாத பழைய மிஷின்களில் முதல் பல இழுப்புகள் பெட்ரோலை டேங்கிலிருந்து மேலே கொண்டுவரவே செலவாகும். அதைத்தான் பல்பு மிச்சம் பிடிக்கிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, உள்ளே தங்கிய காற்றோடு சேர்த்து இன்னொரு டியூபில் டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. எஞ்சினுக்குள் ஒரு சொட்டும் தள்ளுவதில்லை. நீங்கள் ஐம்பது தடவை அமுக்கினாலும் சுற்றிச் சுற்றி டேங்குக்குத்தான் போகும். செயின் சாவில் ஓவர் ஆவது சோக்கால், பல்பால் அல்ல.

இப்போது தோட்டத்துஆள் சாருக்கு. பிளக் காய்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவ்வளவு இழுத்தும் காய்ந்த பிளக் என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பல்பு அதைத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது. குழிந்தே கிடந்தால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. அமுக்கவே முடியாமல் கல் மாதிரி இருந்தால் திரும்பும் டியூபில் அடைப்பு. சட்டென்று எழும்பி வெறும் காற்றாகவே வந்தால் டியூபில் விரிசல், அல்லது டேங்குக்குள் ஃபில்டர் பெட்ரோலில் மூழ்கவில்லை. உங்களுக்கு முதல் வகை. லோடு கொடுத்ததும் அடங்குவதும் அதோடு ஒத்துப்போகிறது. ஐடிலுக்கு வேண்டிய சொற்பப் பெட்ரோல் கசிந்து வருகிறது, முழு வேகத்துக்குப் போதவில்லை.

கார்புரேட்டரை மாற்றும் முன் ஒரு சோதனை. முதலில் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பல்பை அமுக்குங்கள். எழும்பினால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. எழும்பவில்லையா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் டியூபைக் கழற்றிவிட்டு மறுபடி அமுக்குங்கள். இப்போது பல்பு டக்கென்று எழும்பினால் அடைப்பு டேங்க் பக்கம், அதாவது ஃபில்டர் அல்லது டியூப். அப்போதும் குழிந்தே கிடந்தால் அடைப்பு கார்புரேட்டருக்குள்ளே. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

டேங்க் பக்கம் என்றால் ஒரு கம்பியை வளைத்து ஃபில்டரை வெளியே இழுங்கள். அழுக்கேறியிருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள். டியூப் உள்ளுக்குள் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், அங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

கார்புரேட்டருக்குள் என்றால் பம்ப் பக்கத்து மூடியைத் திறங்கள். உள்ளே தீக்குச்சி மருந்து அளவுக்கு ஒரு சிறு வலைச் சல்லடை உட்கார்ந்திருக்கும். பழைய பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன பிசின் முதலில் ஒட்டுவது அதில்தான். அடுத்தது பெட்ரோல் நுழைவதைத் திறந்து மூடும் ஊசி. அது இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எதைக் கழற்றினாலும் கேஸ்கெட் முதலா டயாஃப்ரம் முதலா என்று வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாறினால் ஓடாது. டயாஃப்ரத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். துணி மாதிரி வளைய வேண்டும். மொடமொடவென்று சத்தம் போட்டால் டயாஃப்ரம், கேஸ்கெட் சேர்ந்து வரும் கிட் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை உள்ளேயே விட்டுவைத்தால் சீக்கிரம் இப்படி ஆகும். கம்ப்ரஸர் காற்றை மட்டும் நேரே பீய்ச்சாதீர்கள், உள்ளே இருக்கும் சின்ன ஒருவழி வால்வு பறந்துவிடும்.

பல்பு மஞ்சளாகிப் பிசுபிசுத்திருந்தால், வெடிப்பு இருந்தால், அதையும் மாற்றிவிடுங்கள். வெடித்த பல்பு வழியாகக் காற்று புகுந்தால் கலவை மெலியும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலே பெட்ரோலோடுதான் வருகிறது, அது குறைந்தால் பிஸ்டன் கீறிவிடும்.

புல்வெட்டி:
அட, இது தெரியாமலே இத்தனை நாள் செயின் சாவிலும் எண்ணி எண்ணி அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போ எத்தனை தடவைதான் அமுக்கணும்?

ரிப்பேர்பெஞ்ச்:
பல்புக்குள் பெட்ரோல் தெரிய ஆரம்பித்தால் போதும், விளிம்பு வரை நிறைய வேண்டியதில்லை. ஏற்கனவே பெட்ரோல் தெரிந்தாலும் ஐந்தாறு அமுக்கு கொடுங்கள், உள்ளே தங்கிய காற்று போகும். சூட்டில் நிறுத்திக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி இழுத்தால் முரண்டு பிடிக்கும் பாருங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டியிருக்கும். அப்போதும் பல்பை அமுக்கினால் டேங்கின் குளிர்ந்த பெட்ரோல் சுற்றி வந்து குமிழியைத் தள்ளிவிடும். சோக் மட்டும் வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினில் முழு சோக். ஒரு தடவை ‘டுப்’ என்று வெடித்து அடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்தி அரை சோக்குக்கு வாருங்கள். கேட்காதது மாதிரி முழு சோக்கிலேயே இழுத்தால் பிளக் குளித்துவிடும். பிடித்ததும் ஆக்சிலேட்டரை ஒரு சொடுக்கு சொடுக்கினால் ஐடிலுக்கு இறங்கும். செயின் பிரேக் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரை சோக்கில் வேகம் அதிகம், செயின் சுற்றப் பார்க்கும். பிரேக் போட்டபடியே அந்த வேகத்தில் ஓடவிட்டால் கிளட்ச் வெந்துவிடும், அதனால் சொடுக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் ஷூ முனையை விட்டு மிதித்துக்கொண்டு இழுங்கள். தூக்கிப் பிடித்துக் கீழே வீசி ஸ்டார்ட் செய்யும் வீரம் இங்கே யாருக்கும் வேண்டாம்.

வேலியோரம்:
அண்ணா, இடையில் ஒரு கேள்வி. எனக்குத் தோள்பட்டை வலி, ஓங்கி இழுக்க முடியாது. ஈஸி ஸ்டார்ட் இருக்கிற மிஷின் வாங்கலாமா? கடையில் இழுத்துப் பார்த்தேன், கயிறு ரப்பர் மாதிரி வருது, எஞ்சின் சுத்துதான்னே தெரியல.

ரிப்பேர்பெஞ்ச்:
அது பழுது இல்லம்மா, அதன் இயல்பே அதுதான். ஸ்டில் கம்பெனியில் எர்கோஸ்டார்ட், எக்கோ கம்பெனியில் ஐ-30 என்று ஆளுக்கொரு பேர். கயிறு சுற்றும் சக்கரத்துக்கும் கிராங்குக்கும் நடுவில் இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது. நீங்கள் மெதுவாக இழுக்கும்போது பிஸ்டன் அழுத்தத்தில் நின்றுவிடும், ஸ்பிரிங் முறுகிக்கொண்டே வரும். அதன் பலம் அழுத்தத்தை மிஞ்சும் நொடியில் கிராங்கைத் தானே சுழற்றிவிடும். நீங்கள் இழுக்கும் வேகத்துக்கும் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும் சம்பந்தம் அறுந்துவிடுகிறது. நிதானமாக, ஒரே சீராக இழுத்தால் போதும். பழைய பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் ஸ்பிரிங் வைத்த பயனே இல்லை. உங்கள் தோளுக்கு வாங்கலாம் என்பேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கையில் கம்ப்ரஷன் தெரியாது. சாதாரணக் கயிற்றை இழுத்தே எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன், இதில் அந்த வேலை நடக்காது. ஓவர் ஆகிவிட்டால் சிலிண்டரைக் காலி செய்ய வேகமாகச் சுழற்றவும் வராது. அந்த ஸ்பிரிங் போனால் பெரும்பாலும் அந்தப் பகுதியை முழுதாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களே திறக்காதீர்கள், சுருள் ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும்.

பெரிய மிஷின்களில் டீகம்ப்ரஷன் பட்டன் இருக்கும், அது வேறு. சிலிண்டரில் சின்னத் துவாரத்தைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. முதல் வெடிப்பில் தானே மூடிக்கொள்ளும். ‘டுப்’ சத்தத்துக்குப் பிறகு மறுபடி அமுக்க மறந்துவிட்டுக் கயிறு கடினமாகிவிட்டது என்று கொண்டுவருவார்கள்.

தோட்டத்துஆள்:
பார்த்துவிட்டேன். டியூபைக் கழற்றி அமுக்கியும் பல்பு எழும்பவில்லை, ஆக கார்புரேட்டருக்குள்தான். சல்லடை முழுக்க பச்சையாகப் பிசின். கழுவினேன், டயாஃப்ரம் கிட் போட்டேன், பல்பும் புதிது. இப்போது ஒரு புதுச் சந்தேகம். புதுப் பல்பில் இரண்டு மூக்கு இருக்கிறது, எது டேங்குக்கு, எது கார்புரேட்டருக்கு? பழையது கழற்றும்போதே உடைந்துவிட்டது.

ரிப்பேர்பெஞ்ச்:
பெரும்பாலும் நீளமான மூக்குதான் டேங்குக்குத் திரும்புவது. நம்பிக்கொண்டு மாட்ட வேண்டாம். இரண்டிலும் துண்டு டியூப் மாட்டி, இரண்டு முனையையும் பெட்ரோலில் நனைத்து அமுக்குங்கள். எந்த முனையில் குமிழி வருகிறதோ அது டேங்குக்கு. உறிஞ்சுகிற முனை கார்புரேட்டருக்கு. மாற்றிப் போட்டால் பல்பு பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள்ளேயே தள்ளும், அப்போது புல்வெட்டி சார் சொன்னபடி நிஜமாகவே ஓவர் ஆகிவிடும். மாட்டி முடித்ததும் பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள். கலந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஊற்றாதீர்கள்.

தோட்டத்துஆள்:
குமிழி நீள மூக்கில்தான் வந்தது. மாட்டிவிட்டேன். பல்பு அமுக்கின உடனே எழும்புகிறது, பெட்ரோல் தெளிவாக வருகிறது. ‘டுப்’ கேட்டது, அரை சோக்கில் பிடித்துவிட்டது. மரத்திலும் அடங்கவில்லை. ஐடில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, பிரேக் எடுத்தால் செயின் லேசாக நகர்கிறது.

ரிப்பேர்பெஞ்ச்:
ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்புங்கள். செயின் நின்ற பிறகு இன்னும் கால் சுற்று. அதிலும் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.